எண்ணெய் கேட்காத வெளிச்சம்

நம் வயதுக்காரர்களிடம் ஒரு புகாரோடு ஆரம்பிக்கிறேன். பைக்குகளின் பின்னால் பெயரும் பூவும் வேலும் வெட்டி ஒட்டுகிறார்களே, அந்தப் பளபளப்புத் தாளுக்கு ரேடியம் என்று யார் பெயர் வைத்தது? பொன்னேரியில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ‘ரேடியம் கட்டிங்’ என்று போர்டு மாட்டிய கடை ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு வாய் அரிக்கும். முப்பது வருஷத்துக்கு மேல் வேதியியல் சொல்லிக்கொடுத்த வாய். ஒருநாள் உள்ளே போய்க் கேட்டே விட்டேன்.

“தம்பி, இது ரேடியம் இல்லப்பா. இது மேல வெளிச்சம் பட்டாதான் இது திருப்பி அடிக்கும். ரேடியம் யார் தயவும் இல்லாம தானா எரியும்.”

கடைக்காரர் கத்தரியை நிறுத்தவில்லை. “மினுக்குதா இல்லியா டீச்சர்? மினுக்குனா ரேடியம்தான். உங்க ஸ்கூட்டிக்கு இன்னா ஒட்டணும், அத்த சொல்லுங்க.”

சண்டை போடப் போனவள் ஒரு மயிலை ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். ஆனால் வழியெல்லாம் மனசு சரியில்லை. மினுக்கினால் இதுதான் என்று ஒரே வீச்சில் முடிவு கட்டிய இன்னொரு மனிதரை எனக்குத் தெரியும். அவர் என் நைனா. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கட்டிய முடிவு ஒரு கல்யாணத்தைக் குலைத்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு.

அப்போது எனக்குப் பத்து வயது. கோட்டைக்குப்பத்துக்குப் பக்கத்தில், பழவேற்காடு ஏரியின் ஓரத்தில் எங்கள் குடிசை. வலையும் படகும் இல்லாத குடும்பம். கைதான் எல்லாம். தண்ணீருக்குள் முட்டி போட்டு நகர்ந்துகொண்டே இரண்டு உள்ளங்கைகளாலும் அடிச்சேற்றைத் தடவிப் போக வேண்டும். உள்ளங்கைக்குக் கீழே துள்ளினால் இறால். அப்படியே அமுக்கி எடுத்து, கழுத்தில் தொங்கும் ஓலைப் பறியில் போட வேண்டும். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. கலங்கின தண்ணீரில் என்ன தெரியும்?

நைனாவின் கையைப் பற்றி ஏரி ஓரத்தில் கதையே உண்டு. சேற்றுக்குள் இருக்கிற நண்டு ஆணா பெண்ணா என்று வெளியே எடுக்காமலே சொல்லுவார். விரலில் தட்டுகிற கிளிஞ்சல் நேற்று வந்ததா, பல வருஷமாகப் புதைந்து கிடப்பதா என்பதும் அவருக்குத் தெரியும். படிக்கத் தெரியாது, மணி பார்க்கத் தெரியாது. விரலால் உலகத்தைப் படித்தவர்.

நைனா, அம்மா இரண்டு பேரோடும் நைனாவின் தங்கையான என் அத்தையும் தண்ணீரில் இறங்குவாள். இருபது வயது. இறால் இல்லாத நாட்களில் கிளிஞ்சல் பொறுக்கிச் சுண்ணாம்புக் காளவாய்க்குக் கொண்டு போய்ப் போடுவாள். நானும் கூடப் போவேன். எனக்கு அந்த இடம் பிடிக்காது. எங்கள் விரல்களில் இறால் கொம்பு குத்திய கீறல் இல்லாத நாளே கிடையாது. அந்தக் கீறலில் ஈரச் சுண்ணாம்பு பட்டால் எரிகிற எரிச்சல் இருக்கிறதே, கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அத்தை என் விரலைப் பிடித்துத் தேங்காய் எண்ணெய் தடவி ஊதுவாள். “அவ்ளோதான், அவ்ளோதான். போய்ட்சி பாரு” என்பாள். போயிருக்காது. போய்விட்டது என்று நானும் சொல்லிவைப்பேன்.

கடலோரத்து விளக்குக் கோபுரத்தில் அந்த வருஷம் புதிதாக ஒருவர் வேலைக்கு வந்திருந்தார். தெற்குச் சீமைக்காரர். அதற்கு முன்னால் பட்டாளத்தில் இருந்தாராம். நாங்கள் லைட்டவுஸ்காரர் என்போம். ஒற்றை ஆள், ஆனால் அத்தையிடம் நண்டு வாங்க வாரத்துக்கு நான்கு நாள் வருவார். ‘இம்மாம் நண்டு தின்னா மனுசனுக்கு வவுறு தாங்குமா?’ என்று அம்மா ஆச்சரியப்பட்டாள். பாதி நண்டை அவர் போகிற வழியில் தண்ணீரில் விட்டுவிடுகிறார் என்பதை நான் பார்த்திருக்கிறேன். சொல்லவில்லை. அந்த வயதில் எனக்கு எதைச் சொல்ல வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்ற கணக்கே தலைகீழாக இருந்தது.

அவர் கையில் பட்டாளத்துக் கடிகாரம் ஒன்று இருந்தது. கறுப்பு முகம், தடித்த கண்ணாடி. ஒருநாள் அத்தை நண்டுக்குக் கால் கட்டிக்கொண்டிருக்கும்போது, அவர் தன் துண்டை என் தலைக்கு மேல் போர்த்தி அந்த இருட்டுக்குள் கடிகாரத்தை நீட்டினார். எண்களும் முட்களும் பச்சையாக எரிந்தன. ஆனால் சூடு இல்லை, புகை இல்லை.

“எங்க கோபுரத்து விளக்குக்கு எண்ணெய் ஊத்தணும், திரி பாக்கணும், பக்கத்துலயே ஆள் இருக்கணும்” என்றார் துண்டுக்கு வெளியே இருந்து. “இதுக்கு ஒண்ணும் வேண்டாம் பாப்பா. யாரு பாக்காட்டாலும் எரியும். ரேடியம்.”

சும்மா பெருமை அடிக்கிறார் என்று நினைத்தேன். காரணம் இருக்கிறது. எங்கள் ஏரித் தண்ணீரும் சில நாட்களில் இருட்டியதும் மினுங்கும். ஆனால் கை பட்டால்தான் மினுங்கும். தடவுகிற விரலைச் சுற்றி நீலமாக எழும்பி, கையை எடுத்தால் அணைந்துபோகும். தொடாத தண்ணீர் வெறும் கறுப்பு. சுடாத வெளிச்சம் என்றால் எங்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஐப்பசி பிறக்கும்போது லைட்டவுஸ்காரர் நேராக வந்து நைனாவிடம் பெண் கேட்டார். ஒளிவு மறைவு இல்லாமல், வெற்றிலை பாக்கோடு. நைனாவுக்கு ஆளைப் பிடித்திருந்தது, ஊர்தான் பிடிக்கவில்லை. எங்கேயோ தெற்கே இருக்கிறவன், நாளைக்கு மாற்றல் வந்தால் தங்கையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். மழைக்காலம் முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. தை பிறந்ததும் அவரே ஆள் அனுப்புவார். அதுவரை பொறுத்தவர்கள் என்றால் எதுவும் பொறுப்பார்கள்.

“சரிங்கண்ணே” என்றார் லைட்டவுஸ்காரர். உடனே கடிகாரத்தைக் கழற்றி நைனா கையில் வைத்தார். “எம் பேச்சுக்கு இது அடையாளமா இருக்கட்டும்.”

நைனா அதை ஒரு பழந்துணியில் சுற்றித் தகரப் பெட்டியின் அடியில் வைத்தார். அத்தையைக் கூப்பிட்டார். “தங்கச்சி, இத்த நீ தொடக் கூடாது. தை மாசம் நானே எட்த்து உன் கைல குடுப்பேன். இன்னா?”

“சரிண்ணா” என்றாள் அத்தை. அவள் முகம் அன்றைக்கு இருந்த மாதிரி அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

அந்த மழைக்காலம் முழுக்க அத்தை அந்தப் பெட்டியின் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. கூட்டும்போது அந்த மூலையை மட்டும் எனக்கு விட்டுவிடுவாள். தொட்டது யார் என்று கேட்கிறீர்களா? நான்தான். பெரியவர்கள் தண்ணீருக்குப் போன பிறகு, மழை பெய்து வீடே இருண்டு கிடக்கிற பகல் நேரத்தில், பெட்டிக்குள் தலையை விட்டுப் போர்வையை மேலே இழுத்துக்கொண்டு துணியைப் பிரிப்பேன். முள் நின்றுபோயிருந்தது; சாவி கொடுக்க எனக்குத் தெரியாது. வெளிச்சம் மட்டும் அப்படியே இருந்தது. பாச்சை உருண்டை வாசனையும் அந்தப் பச்சையும் எனக்கு இன்றைக்கும் ஒன்றாகத்தான் ஞாபகம் வருகின்றன. மூன்று தடவை அப்படிப் பார்த்தேன். மூன்றாவது தடவை போர்வையை விலக்கினால் வாசலில் அத்தை நிற்கிறாள். உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

தை பிறந்தது. நைனா சந்தோஷமாக இருந்தார் என்பதை நீங்கள் நம்ப வேண்டும். அவர் மனசுக்குள் ‘சரி’ என்று முடிவாகிவிட்டது. அம்மாவிடம் நண்டுக் குழம்பு வைக்கச் சொன்னார். மத்தியானம் எங்கள் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். மூலையில் பகலிலும் இருட்டுதான். அடியிலிருந்து எடுத்துத் துணியைப் பிரித்தார். அவர் கைக்குள் பச்சையாக எரிந்தது.

நைனாவின் சிரிப்பு மெல்ல அணைந்தது. கடிகாரத்தைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார்.

“மூணு மாசம் இருட்டுல கெடந்த சாமான். கை படாம எப்படி மினுக்கும்?”

கடிகாரத்தை அத்தையின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“தொட்டிருக்கே. வெளில எட்த்துட்டுப் போயிருக்கே. அவன பாத்திருக்கே.”

நான் தொட்டதால்தான் அது இன்னும் எரிகிறது என்று நானும் நம்பினேன். லைட்டவுஸ்காரர் துண்டுக்கு வெளியிலிருந்து சொன்ன வார்த்தை என் ஒருத்தியிடம்தான் இருந்தது. ‘யாரு பாக்காட்டாலும் எரியும்.’ அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால்கூடப் போதும். சொல்லத் தோன்றவில்லை. அடி விழும் என்ற பயம் மட்டும்தான் இருந்தது. அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“ஆமாண்ணா” என்றாள். “நான்தான் எட்த்துப் பாத்தேன். ஆனா அவர பாக்கல.”

“தொடாதேன்னேன். தொட்டுட்டே. பாக்கலன்னு சொன்னா மட்டும் நம்பணுமா?”

அதற்கு மேல் நைனா கத்தவில்லை. நேராக ஏரிக்குப் போய், இடுப்புத் தண்ணீர் வரை நடந்து, முடிந்த மட்டும் தூரத்தில் கடிகாரத்தை வீசினார். லைட்டவுஸ்காரருக்கு ‘முடியாது’ என்று செய்தி போனது. அவர் இரண்டு தடவை வந்தார். நைனா வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டார். வெயில் காலத்தில் அவருக்கு மாற்றல் வந்து போய்விட்டார். அந்த நண்டுக் குழம்பை அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை.

எட்டு வருஷம் ஓடியது. வேண்டாத இடங்களிலிருந்தெல்லாம் அத்தைக்கு வரன் வந்தது. “வேணாம்ணா” என்பதோடு முடித்துக்கொள்வாள். கோபமில்லாமல் சொல்லுவாள், அதுதான் நைனாவுக்குத் தாங்காது. நான் பொன்னேரியில் காலேஜ் சேர்ந்தேன். எங்கள் பக்கத்திலிருந்து காலேஜ் வாசல் மிதித்த முதல் பெண் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாள்.

ஒருநாள் வகுப்பில் காரமண் உலோகங்கள் நடந்தன. ஒரே குடும்பத்து ஆறு பேர் மாதிரி ஒன்றின் கீழ் ஒன்றாகப் பலகையில் எழுதினார் பேராசிரியர். மூன்றாவது கால்சியம்: எங்கள் கிளிஞ்சல், எங்கள் சுண்ணாம்பு, நண்டு ஓடு, மனுஷ எலும்பு எல்லாம் அதுதான். கடைசியில் ரேடியம். புதிதாகப் பிரித்தால் வெள்ளி மாதிரி இருக்கும், காற்றுப் பட்டால் கறுத்துவிடும் என்றார். கால்சியத்தின் குடும்பம் என்பதால், உடம்புக்குள் போனால் எலும்புக்கு ஆள் அடையாளம் தெரியாமல் கால்சியம் என்று நினைத்து உள்ளே குடிவைத்துக்கொள்ளும். வெளிநாட்டில் கடிகார முகத்துக்கு இந்தச் சாயம் தீட்டிய பெண்கள், தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கியே செத்துப்போனார்களாம். அடுத்ததாக ஒன்று சொன்னார்.

“இதை யாரும் தூண்ட வேண்டாம். வெயிலும் வேண்டாம், சூடும் வேண்டாம். இதிலிருந்து வருகிற கதிர், கூடக் கலந்திருக்கும் துத்தநாகப் பொடியைத் தட்டிக்கொண்டே இருக்கும். பொடி மினுங்கும். பெட்டியில் பூட்டி வைத்தாலும் மினுங்கும். ரேடியம் பாதியாகக் குறையவே ஆயிரத்து அறுநூறு வருஷம் ஆகும்.”

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏதோ சந்தேகம் என்று நினைத்து “என்னம்மா?” என்றார். ஒன்றுமில்லை என்று உட்கார்ந்து, பெஞ்சில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

அன்றைக்குச் சாயங்காலமே நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டது அத்தை இல்லை, நான். ஆனால் என் கை பட்டதாலும் அது எரியவில்லை. அது தானாக எரிகிற சாமான். நைனா பறியின் ஓலையைச் சரிசெய்துகொண்டே கேட்டார்.

“அப்ப, யாரும் தொடாங்காட்டியும் மினுக்கும்?”

“மினுக்கும் நைனா.”

“பொட்டிக்குள்ள? இருட்டுல?”

“இருட்டுலதான் நைனா.”

என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் விழ வேண்டிய அடி. அவர் அடிக்கவில்லை. “லைட்டவுஸ்காரருக்கு ஒரு லெட்டர் எழுது” என்றார். கோபுரத்தில் விசாரித்து விலாசம் வாங்கி எழுதினேன். ஒரு மாதம் கழித்து மரியாதையாக ஒரு பதில் வந்தது. அவருக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். அண்ணன் மேல் வருத்தம் ஒன்றும் இல்லை என்றும், எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். நைனாவுக்கு நான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அத்தை அடுப்பங்கரையில் இருந்தாள். அங்கே கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தம் நின்றது, அப்புறம் மறுபடி கேட்டது.

மறுநாளிலிருந்து நைனா பறி இல்லாமல் தண்ணீரில் இறங்க ஆரம்பித்தார். கடிகாரம் வீசிய அந்த இடத்தில்தான். முட்டி போட்டு, ஒவ்வொரு முழமாகச் சேற்றைத் தடவுவார். துள்ளுகிற இறாலை விட்டுவிடுவார். கரையில் போகிறவர்கள் கேட்டால், “நண்டு வளை பாக்கறேன்” என்பார். தண்ணீர் வற்றுகிற நேரமெல்லாம் அங்கேதான். ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். அம்மா ஒருத்தியின் பறியில்தான் வீடு ஓடியது. உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி அவர் விரல் நுனிகள் வெளுத்து வெடித்துப்போயின. எட்டு வருஷச் சேறு ஒரு கடிகாரத்தை எங்கே கொண்டு போயிருக்கும் என்று எனக்குப் பயமாக இருந்தது. போதும் நைனா என்று சொல்லவும் வாய் வரவில்லை.

ஒருநாள் காலை கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நைனா சட்டென்று நின்றார். தண்ணீருக்குள் கை அப்படியே ரொம்ப நேரம் இருந்தது. பிறகு எழுந்து நடந்து வந்தார். கையில் கடிகாரம். வார் போயிருந்தது. அத்தை முன்னால் நீட்டினார்.

“உன் சாமான். இந்தா. தப்பு பண்ட்டேன் தங்கச்சி.”

அத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நைனா கையை உதறிக்கொண்டே இருந்தார். “இன்னா நைனா?” என்றேன். “நண்டு கட்ச்சிட்சி” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நான் வேதியியல் மாணவி ஆயிற்றே. கடிகாரத்தை வாங்கிப் பார்த்தேன். எட்டு வருஷம் உப்புச் சேற்றில் கிடந்த இரும்பில் துருவேறி, சிப்பி ஒட்டிக் கறுத்துப்போயிருக்க வேண்டும். இது சுத்தமாக இருந்தது. கண்ணாடியைச் சுற்றியிருக்கிற பள்ளத்தில் கறுப்புச் சேறு இல்லை, வெள்ளையாகச் சுண்ணாம்பு. நான் நிமிர்ந்து அத்தையைப் பார்த்தேன். உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

பிறகு தனியாகச் சொன்னாள். வீசிய நாலாம் நாளே இறால் தடவும்போது அவள் கையில் அது தட்டிவிட்டது. கொடுத்தால் மறுபடி வீசுவார் என்று, ஈரத்தை இழுக்கும் என்பதற்காகக் காளவாய்ச் சுண்ணாம்புப் பொடி போட்ட டப்பாவில் எட்டு வருஷம் புதைத்து வைத்திருந்தாள். அன்றைக்குக் காலையில் நைனா இறங்குவதற்குச் சற்று முன்னால், அவர் கை அடுத்ததாகப் போகும் இடத்தில் சேற்றுக்குள் அமுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

“டப்பாவிலேருந்து எட்த்துக் குடுத்தா அவருக்கு ஆறாதுடி. அவரே எட்த்தாதான் ஆறும்” என்றாள்.

அதற்கடுத்த வருஷம் அத்தைக்குக் காட்டூரில் கல்யாணம் ஆனது. இந்தத் தடவை அவளே சரி என்றாள். மாமா நெல் விதைக்கிறவர். ஏரியைக் கண்டால் பயம். நல்ல மனிதர். கடிகாரத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நைனா காலமாகி வெகுநாள் ஆயிற்று. அத்தை மேல் பழி விழ விட்ட குற்றம் போதாதென்று, அந்தக் கடைசி விஷயத்தில் நைனாவையும் ஏமாற்றிவிட்டோம் என்ற உறுத்தல் எனக்கு மட்டும் இருந்துகொண்டே இருந்தது.

கடிகாரம் இப்போது எரிவதில்லை. ரேடியம் தீரவில்லை, அது கிட்டத்தட்ட அப்படியே உள்ளே இருக்கிறது. அடி வாங்கி வாங்கித் துத்தநாகப் பொடிதான் களைத்துவிட்டது. கண்ணாடியைத் திறக்கக் கூடாது என்று மகளுக்கு எழுதியே வைத்திருக்கிறேன்.

அந்த மயிலை ஒட்டிக்கொண்டு வந்த மறுநாள், ஸ்கூட்டியிலேயே காட்டூர் போனேன். அத்தைக்கு எழுபத்தாறு. காது மட்டும் கொஞ்சம் மந்தம். வாசலில் உட்கார்ந்து வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். மயிலைப் பார்த்துச் சிரித்தாள். நான் கேட்டே விட்டேன்.

“அத்தே, நீ திருப்பி வச்சது நைனாவுக்குத் தெரியவே தெரியாது இல்ல?”

“யாருக்கு, உங்க நைனாவுக்கா?” வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள். “எட்டு வருசம் கெடந்ததுக்கும் எட்டு நிமிசம் கெடந்ததுக்கும் அவரு கைக்கு வித்தியாசம் தெரியாதாடி? அன்னிக்கு மத்தியானம் வந்தாரு. எதிர்ல குந்துனாரு. வெரல நீட்டுனாரு. வெடிப்புல எல்லாம் சுண்ணாம்பு. ‘எரியுது, கொஞ்சம் எண்ண தடவு’ன்னாரு.”

“நீ இன்னா சொன்ன?”

“இன்னாத்த சொல்றது? தடவுனேன். ஊதுனேன். போய்ட்சின்னாரு.”